ஓடிப்போகாதவரைத் தேடியவள்

புருஷன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று ஒன்பது நாள் நவநாள் ஜெபம் இருந்த பெண்கள் ஜெயமங்கலத்தில் உண்டு. புருஷனைச் செத்தவர்களுக்கு நடுவில் தேடிய பெண் ஞானசெல்வி ஒருத்திதான். ஏழு வருடம் தேடினாள். ஒரு நாளும் அதை மறைத்துச் செய்யவில்லை.

பீட்டர்ராஜ் லாரி டிரைவர். தேனி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போவார். ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில், முட்டைக்கோஸும் தக்காளியுமாகக் கோட்டயம் போனார். லோடு ஒழுங்காக இறங்கியது. திரும்பி வரும் வழியில், குமுளிக்கு அந்தப் பக்கம், வண்டி ரோட்டோரமாக நின்றது. சாவி வண்டியிலேயே தொங்கியது. ஆள் இல்லை.

அந்தச் சாவிதான் ஊருக்குக் கிடைத்த சாட்சி. முதலாளியின் வண்டியைப் பத்திரமாக நிறுத்தி, சாவியையும் விட்டுவிட்டு, யோக்கியமாக ஓடியிருக்கிறான் என்றார்கள். எங்கே, யாரோடு என்பது மட்டும்தான் மிச்சம். அதை அய்யாத்துரை கொண்டுவந்தார். அவர் தேனியில் ஒரு காய்கறி மண்டியில் கணக்குப்பிள்ளை. வசூலுக்குச் சங்கனாசேரி போனவர், பீட்டர்ராஜைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

அது ஞானசெல்வியின் காதுக்கு வந்ததும் நேரே மண்டிக்குப் போனாள்.

“ஆமாத்தா. ஒரு சேச்சி, இடுப்புல பிள்ளை. நம்ம பீட்டரு பையத் தூக்கிட்டுப் பின்னாடி போறான்.”

“முகத்தப் பாத்தீகளா?”

“முதுகப் பாத்தேன். எத்தன மூட்டைய ஏத்தி இறக்குன முதுகு, எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஒரு முதுகு ஓடிப்போச்சுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரச் சொல்லாதீக.”

மண்டியில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவள் தர்க்கம் எளிமையானது. பீட்டர்ராஜ் பேச்சில் கஞ்சன். ஆனால் வண்டி நிற்கும் ஊரிலிருந்தெல்லாம் போன் வரும். “சாப்டியா?” என்பார். “சாப்டேன்” என்று அவள் சொன்னதும் வைத்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அது நின்றதில்லை. உயிரோடிருந்தால் போன் வந்திருக்கும். வரவில்லை. ஆகவே அவர் உயிரோடில்லை. நடுவில் வேறு வழி கிடையாது. அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்கள், அவர் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டு ஓடியவர் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த உயிர் தனக்கு வேண்டாம் என்றாள்.

பீட்டர்ராஜின் அண்ணன் ஜான் பீட்டர் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். கோயில் கமிட்டியில் இருப்பவர், நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

“புருசன் செத்துட்டான்னு அடம்பிடிக்கிற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்.”

“தம்பி ஓடிட்டான்னு அடம்பிடிக்கிற அண்ணன நானும் இப்பத்தான் பாக்குறேன் மச்சான்.”

பங்குச்சாமியாரிடம் போய்த் திருப்பலி கேட்டாள். இறந்த செய்தி இல்லாமல் இறந்தவருக்கான பூசை வைக்க முடியாது, அந்தோணியாருக்கு நவநாள் இரும்மா, காணாமல் போனது கிடைக்கும் என்றார் அவர்.

“அந்தோணியார் மெதுவாத் தேடட்டும் சாமி. நானும் ஒரு பக்கம் தேடுறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தேட அவளுக்குத் தெரியும். தேவதானப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுக்கு ஒரு ஆன்லைன் சென்டர் இருந்தது. சாதிச் சான்று, பட்டா, கரண்ட் பில், பரீட்சை ரிசல்ட் எல்லாம் அங்கே. அதற்கு முன் பெரியகுளத்தில் ஒரு அச்சகத்தில் டைப் அடித்தாள். பீட்டர்ராஜை அங்கேதான் சந்தித்தாள். லாரி கண்ணாடிக்கு ஸ்டிக்கர் அடிக்க வந்தவர், அடித்துக் கொடுத்ததில் பிழை இருக்கிறது என்று மூன்று தடவை திரும்பி வந்தார். பிழையே இல்லை. நாலாவது தடவை அவளே, “வீட்டுக்கு வந்து கேளுங்க, எங்கப்பா இருப்பாரு” என்று சொல்லிவிட்டாள்.

வேகமாகச் சாப்பிடுவாள். வேகமாக நடப்பாள். “பாவம்” என்று யாராவது தன்னைச் சொன்னால் அவர்கள் வேலையைக் கடைசியில்தான் முடித்துக் கொடுப்பாள்.

அடையாளம் தெரியாத உடல்களைப் பற்றிப் போலீஸ் இணையப் பக்கங்களில் அறிவிப்புப் போடுகிறார்கள் என்பதை இன்னொருவர் வேலையாகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கும்போது தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து காலையில் கடையைத் திறந்ததும், ஆள் வருவதற்கு முன், ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். கேரளத்தில் மாவட்டம் மாவட்டமாக. பிறகு தமிழ்நாடு, கர்நாடகம். செய்தித்தாள்களின் உள்ளூர்ப் பக்கங்கள். மருத்துவமனைகள், அனாதை இல்லங்கள். மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. படித்தாள். முதலில் கற்ற சொற்கள் ‘அஞ்ஞாத மிருததேகம்’. அடையாளம் தெரியாத உடல்.

மகள் அருள்செல்வி அப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள், அம்மா ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் மவுஸுமாக இறந்தவர்களின் முகங்களைத் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்தாள்.

“சாப்பிடும்போது ஏம்மா இதப் பாக்குற?”

“சாப்பிடாம பாத்தா மட்டும் அழகாவா இருக்காக?”

அருள்செல்வி சண்டை போடவில்லை. உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரு மாவட்டப் பக்கத்தைத் தானாகத் திறந்து, புது அறிவிப்பை எடுத்து, வயது, உயரம், உடுப்பு, அடையாளம் எல்லாம் பிரித்து, பீட்டர்ராஜுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் போனுக்குத் தகவல் வரும். வலது கணைக்காலில் அவருக்குப் பழைய விபத்தின் தழும்பும், உள்ளே ஒரு உலோகத் தகடும் உண்டு. அதுதான் முக்கிய அடையாளம்.

ஞானசெல்வி அதைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைத் தானே எழுதினாள். ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் அட்டவணை, ஒன்றில் படம், ஒன்றில் சாய்த்து ஸ்கேன் செய்த காகிதம். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரிப்ட் வேண்டும். அவற்றை அவள் ‘ஆளுக’ என்றாள். காலையில் மகளுக்குப் போன் போட்டால் முதல் பேச்சே அதுதான்.

“இன்னைக்கு நாலு ஆளு வேலைக்கு வரல.”

“ஏன்மா?”

“திருச்சூர்க்காரன் வாசல மாத்திட்டான். உள்ள போக வழி தெரியாம நிக்குது.”

ஆட்கள் நூறைத் தாண்டியபோது ஒரு சிக்கல் வந்தது. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு, கடை திறக்குமுன் ஓடும்படி வைத்திருந்தாள். கடையின் இணைப்பு திணறிச் செத்தது. சில சைட்டுகள் இவள் கதவைத் தட்டினாலே சாத்திக்கொண்டன. டிரைவர் பெண்டாட்டிக்கு இது புரியாமல் போகாது. மார்க்கெட்டில் ஐம்பது லாரி வந்தாலும் லோடு இறக்கும் மேடையில் நிற்பது நாலைந்துதான். முறை வந்தபோது தார்ப்பாய் அவிழ்க்காதவன் ஒதுங்கி, வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும். அப்படியே அமைத்தாள். ஒரு நேரத்தில் சில ஆட்கள்தான் ஓடுவார்கள். தோற்றவன் பின்னால் போய் நின்று இன்னொரு தடவை முயல்வான். மூன்று தடவை தோற்றால் அவளைக் கூப்பிடுவான். ஒரே சைட்டுக்குப் போகும் இரண்டு ஆட்கள் ஒருபோதும் சேர்ந்து போகமாட்டார்கள். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் மூச்சு வாங்க நேரம் கொடுத்தாள்.

“அவ்வளவு மெதுவா எதுக்கும்மா?” என்றாள் மகள்.

“அந்த சைட்டு படுத்துருச்சுன்னா? அத நம்பி எந்த ஊர்லயாவது இன்னொருத்தி உக்காந்திருப்பா.”

அவள் மிகவும் பயந்தது பூஜ்யத்துக்குத்தான். சைட்டின் அமைப்பை யாரோ மாற்றியிருப்பார்கள். ஸ்கிரிப்ட் பிழை எதுவும் சொல்லாமல் ஓடி, ‘புதியது எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு நிற்கும். பார்த்தால் வேலை முடிந்த மாதிரியே இருக்கும். ஒரு மாவட்டம் முழுவதிலும் ஒரு மாதமாக அனாதையாய்ச் செத்தவன் எவனும் இல்லை என்று ஒரு ஆள் வந்து சொன்னால், அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். பூஜ்யம் தொடர்ந்து வந்தால் மணி அடிக்கும்படி வைத்தாள். திறந்த பக்கங்களை எல்லாம் அப்படியே முழுசாகச் சேமித்தும் வைத்தாள். அறிவிப்புகளை எப்போது எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த அமைப்பு இப்போதும் ஓடுகிறது. முந்நூற்றுச் சொச்சம் ஸ்கிரிப்ட். ஞானசெல்வி இந்தத் தவக்காலத்தில் இறந்துபோனாள். ஆட்களில் யாருக்கும் அது தெரியாது. முறை வந்ததும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். நாலு பேர் வரவில்லை என்றால் அருள்செல்வியைக் கூப்பிடுகிறார்கள்.

அவள் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஊர் அவளைப் பொணக் கம்ப்யூட்டர் என்றது. கம்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, காணாமல் போன தங்கள் பெரியவரைப் பற்றிச் சொன்னபோது, அவரையும் தேடலில் சேர்த்தாள். ஒரு மாதத்துக்குள் எர்ணாகுளத்தில் ஒரு முதியோர் இல்லத்துப் பக்கத்தில் அவர் முகம் வந்தது. உயிரோடு, பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு. அந்தக் குடும்பம் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து கடை வாசலில் நின்றது. அதற்குப் பிறகு பொணக் கம்ப்யூட்டருக்கு ஆட்கள் கூச்சமில்லாமல் வந்தார்கள். காணாமல் போன தங்கச்சி, மாமனார், சித்தம் கலங்கிய மகன். யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டாள். கிடைத்தவர்கள் உண்டு. பீட்டர்ராஜ் மட்டும் கிடைக்கவில்லை.

ஜான் பீட்டர் ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை வந்து உட்காருவார்.

“இத்தன மெசினு தேடியும் செத்தவங்கள்ல இல்லையில்ல? அப்ப என்ன அர்த்தம்? நீயே சொல்லு.”

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. அவள் கட்டிய அமைப்பே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. எவ்வளவு நன்றாகத் தேடுகிறாளோ, அவ்வளவுக்கு அவர் ஓடிப்போனவர் ஆகிக்கொண்டிருந்தார்.

“இன்னும் தேடி முடிக்கலன்னு அர்த்தம்” என்பாள். அவர் எழுந்து போனதும் இன்னொரு ஆளை எழுதுவாள்.

அவர் எங்கே இருந்தார் என்பது வேல்பாண்டியால் தெரிந்தது.

வேல்பாண்டி ஜெயமங்கலத்துக்காரன். பீட்டர்ராஜோடு அதே ரூட்டில் லாரி ஓட்டியவன். வருடா வருடம் மாலை போட்டுச் சபரிமலை போவான். ஏழாவது வருடக் கார்த்திகையில், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக, தன் குழுவுக்குத் தரிசன நேரம் பதிவு செய்ய ஞானசெல்வியின் கடைக்கு வந்தான். கையில் ஒரு கட்டு ஆதார் நகல். பிரிண்டர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று.

“இந்த வருசம் மழை இல்ல மதினி. அந்த வருசம் என்னா மழை. அண்ணனக் கடைசியாப் பாத்தேன்ல குமுளிக்கு அங்கிட்டு, அன்னைக்கு ஆளு தொப்பலா நனைஞ்சு, குளிர்ல பல்லு தந்தியடிக்குது. டீக்கடையில நின்னாக.”

“டீக்கடையில பாத்ததச் சொல்லியிருக்கியேப்பா.”

“பாத்ததச் சொன்னேன்.” அவன் பிரிண்டரைப் பார்த்தான். “வேட்டி குடுத்ததச் சொல்லல.”

“என்ன வேட்டி?”

“கைலி பிழியப் பிழியத் தண்ணி. எங்கிட்ட மாத்து வேட்டி இருந்துச்சு. கட்டிக்கங்கண்ணேன்னு குடுத்தேன். ‘ஏலே, எங்க சாமியாரு பாத்தா என்னை மலைக்கு அனுப்பிருவாருடா’ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கட்டுனாக.”

“கறுப்பு வேட்டியா?”

“விரதத்துக்கு எடுத்தது வேற என்ன கலருல இருக்கும் மதினி? மாலை போடாதவகளுக்கு அதக் குடுக்கக் கூடாது. குருசாமிக்குத் தெரிஞ்சா அந்த வருசம் என்னை இருமுடி கட்ட விட்டிருக்க மாட்டாரு. அதான் யாருகிட்டயும் வாயத் திறக்கல. போலீசும் ‘பாத்தியா’ன்னுதான் கேட்டாக. என்ன கட்டியிருந்தாகன்னு கேக்கல.”

பிரிண்டர் நின்றது. ஞானசெல்வி காகிதங்களை எடுத்து வரிசையாக அடுக்கி, கிளிப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் போன பிறகு கடைக்கு வந்த இரண்டு பேரை உட்காரச் சொன்னாள்.

ஒரு வரி இருந்தது. அவளே எழுதிய வரி.

சபரிமலை மண்டல காலம் வந்தால் கேரளத்துப் பக்கங்கள் பக்தர்களால் நிரம்பும். மலை ஏறும்போது மூச்சடைத்து இறந்தவர்கள், பஸ் கவிழ்ந்து இறந்தவர்கள், கூட்டத்தில் தொலைந்தவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குழு உண்டு, குருசாமி உண்டு, ஊரில் ஆள் உண்டு. அவர்கள் காலைப் பட்டியலை நிறைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர்களை மறைத்தார்கள். எனவே முதல் வருடமே ஒரு சல்லடை போட்டாள். யாத்திரிகரைச் சொல்லும் ‘தீர்த்தாடகன்’, ‘அய்யப்ப பக்தன்’, கறுப்பு வேட்டியைச் சொல்லும் ‘கறுத்த முண்டு’. இந்தச் சொற்கள் வந்தால் அந்த அறிவிப்பை ஒதுக்கிவிடு, மேலே பார்க்காதே. அருள்செல்வியும் அதைப் படித்துச் சரி என்றாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கன் எதற்குக் கறுப்பு வேட்டி கட்டப்போகிறான்? மற்ற ஸ்கிரிப்டுகள் வாரம் ஒன்றாக உடைந்தன. இந்த வரி உடையவே இல்லை. ஒவ்வொரு சீசனிலும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

மகளுக்குப் போன் செய்தாள்.

“அருளு, அந்த வரிய எடுத்துட்டேன்.”

“எந்த வரிம்மா?”

“சாமிமாரத் தள்ளுற வரி. பழைய பக்கம் எல்லாத்தையும் திருப்பி ஓட விட்ருக்கேன். நீ லைன்லயே இரு.”

ஓடி முடியச் சாயங்காலம் வரை ஆயிற்று. நடுவில் அவள் ஒருவருக்கு வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். ஒருவருக்கு இறப்புச் சான்று எடுத்துக் கொடுத்தாள். போன் மேஜைமேல் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் மகள் மூச்சு விடுவது கேட்டது.

ஒதுக்கப்பட்டவர்களில் கணைக்கால் தழும்பு உள்ளவர் ஒருவர்தான்.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். காக்கிச் சட்டை. கறுத்த முண்டு. வலது கணைக்காலில் அறுவைச் சிகிச்சைத் தழும்பு, உள்ளே உலோகத் தகடு. ஓடையில் கிடைத்தது. தீர்த்தாடகன் என்று கருதப்படுகிறது. பொது மயானத்தில் அடக்கம். வண்டி நின்றது ஒரு ஸ்டேஷன் எல்லை; மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது இன்னொரு ஸ்டேஷன் எல்லை. அவர்கள் பக்தர் குழுக்களிடம் விசாரித்தார்கள். எந்தக் குழுவிலும் ஆள் குறையவில்லை. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எந்தச் சாமி மலைக்குப் போகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை.

அறிவிப்பு அவர் காணாமல் போன அடுத்த மாதத்துத் தேதியில் இருந்தது.

“அம்மா” என்றாள் அருள்செல்வி போனில்.

“அழாத. நாளைக்குக் கெளம்பி வா. ரத்தம் எடுப்பாக, நல்லாச் சாப்டுட்டு வா.”

வேல்பாண்டியையும் சேர்த்து மூவரும் அந்த ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவன் மாலையோடு வந்தான். அவனைப் பார்த்ததும் ஸ்டேஷனில் இருந்தவர்கள், பக்தர் யாரோ தொலைந்துவிட்டார் என்று நினைத்து உட்காரச் சொன்னார்கள். ஷீபா என்ற போலீஸ்காரப் பெண் பழைய கோப்பைத் தேடி எடுத்துவந்தாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள்.

“இத்தன வருஷம் சேச்சி எவிடெயாயிருந்நு? யாரும் வந்நில்லல்லோ.”

“தெனமும் உங்க சைட்டுக்குள்ளதாம்மா இருந்தேன்” என்றாள் ஞானசெல்வி. “இவர நாந்தான் வெளிய தள்ளி விட்டுட்டேன். இப்ப வந்து கூப்புடுறேன்.”

வேல்பாண்டி வெளியே போய் நின்றுகொண்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பாதுகாத்து வைத்திருந்த பல்லோடு மகளின் ரத்தத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. வந்தது. அவர்தான்.

முடிவு வந்த அன்றே ஜான் பீட்டர் வீட்டுக்கு வந்தார். தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. நாலு பேருக்குத் தெரியாம, காலைப் பூசையில அவன் பேரச் சொல்லி ஒரு கருத்து வச்சு முடிச்சுருவோம். ஏழு வருசம் கழிச்சு எழவு சொன்னா நல்லாவா இருக்கும்?”

“ஓடிப்போயிட்டான்னு சொன்னது நாலு பேருக்குத் தெரியாமலா மச்சான் சொன்னீக?”

“அது ஊரு பேசுனது.”

“அப்ப ஊருக்குச் சொல்லித்தான ஆகணும்.”

இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும். இன்னார் மகன், இன்னார் கணவர், காலமானார், இத்தனை மணிக்கு அடக்கம். தேவதானப்பட்டியில் அந்த ஆட்டோ அருண்பாண்டியுடையது. தேர்தல் என்றாலும் ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்றாலும் அவன்தான். ஞானசெல்வி தான் எழுதியதை அவனிடம் நீட்டினாள். அவன் வாய்க்குள் படித்துப் பார்த்தான்.

“அக்கா, செத்து ஏழு வருசமாச்சுன்னு போட்ருக்கீக.”

“ஆமா.”

“அன்னன்னைக்குச் சாவத்தான் நாம சொல்றது.”

“எனக்கு இன்னைக்குத்தான் கெடைச்சாரு.”

அவன் தலையைச் சொறிந்தான். “அது சரி. கடைசியில என்னமோ எழுதியிருக்கீக, ‘அவர் யாரையும் விட்டு ஓடிப்போகவில்லை’ன்னு. மைக்குல சொல்ற வார்த்தையா இது? எழவு வண்டிக்கு ஒரு மொறை இருக்குல்ல.”

“நீ வண்டிய மட்டும் ஓட்டு. மைக்க எங்கிட்ட குடு.”

பெண்கள் அந்த ஆட்டோவில் ஏறி மைக் பிடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை; அதுவும் சாவுக்கு, அதுவும் செத்தவரின் பெண்டாட்டி. வெள்ளையும் கட்டவில்லை. கடைக்குக் கட்டிக்கொண்டு போகும் பச்சை நூல் சேலையோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அருள்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரி ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயமங்கலம் கோயில் தெருவிலிருந்து தொடங்கினார்கள். லாரி டிரைவர் பீட்டர்ராஜ், குமுளிக்கு அந்தப் பக்கம், மழையில், வீட்டுக்கு வரும் வழியில் ஓடையில் விழுந்து இறந்தார். அவர் யாரையும் விட்டு ஓடிப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் பூசை. எல்லோரும் வர வேண்டும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், பரீட்சை நம்பர் வாசிப்பது போலச் சொன்னாள். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் உள்ளே போனார்கள்; உள்ளே போன வீடுகளின் முன் ஆட்டோவைச் சற்று நிறுத்தச் சொன்னாள்.

தேவதானப்பட்டி, பெரியகுளம் எல்லாம் முடிந்து தேனி மார்க்கெட்டுக்குள் வண்டி நுழைந்தபோது லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரையின் மண்டி வாசலில் நிறுத்தினார்கள். அவர் வெளியே வந்தார். மூட்டை தூக்குபவர்கள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். முழுவதையும் ஒரு தடவை சொல்லி முடித்தாள். அய்யாத்துரை தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“பூசைக்கு வாங்க” என்றாள் அவள், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே. மார்க்கெட் முழுவதற்கும் கேட்டது.

ஜான் பீட்டர் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தார். ஊரிலிருந்து தொடர்ந்து வந்தவர், நிறுத்தச் சொல்லத்தான் வந்தார் என்று அருள்செல்வி நினைத்தாள். அவர் ஆட்டோ பக்கத்தில் வந்து கையை நீட்டினார். கண் சிவந்திருந்தது.

“குடு ஞானம். நான் சொல்றேன். என் தம்பிதான்.”

ஞானசெல்வி அவரைப் பார்த்தாள். மைக்கைக் கொடுக்கவில்லை.

“நீங்க ஞாயித்துக்கெழம கோயில்ல சொல்லுங்க மச்சான். இது நான் புடிச்ச வண்டி.”

அவர் கையைத் தாழ்த்தினார். ஆனால் பைக்கை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

அருண்பாண்டி திரும்பிப் பார்த்தான். “அவ்வளவுதானக்கா? வண்டியத் திருப்பவா?”

“திருப்பாத. கம்பம் ரோட்டுல போ.”

“கம்பத்துல உங்களுக்கு யாருக்கா இருக்காக?”

“யாருமில்ல. ஓடிப்போனாருங்கற பேச்சு அங்கன வரைக்கும் போயிருக்கு.”

அவன் சாவியைத் திருகினான். வண்டி மார்க்கெட்டை விட்டு வெளியே வந்து கம்பம் ரோட்டில் ஏறுவதற்கு முன்பே அவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள்.